வெள்ளியில் கழுத்து வருவதில்லை

அருளம்பலத்தின் கழுத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவருடைய முதுகுப் பக்கம்தான் போனார்கள். பிடரியைக் குனிந்து பார்த்தார்கள். தையல் இல்லை, தழும்பு இல்லை, நுளம்பு கடித்த அடையாளம்கூட இல்லை. பொருட்காட்சிக்கு வந்து வாசல் பூட்டியிருக்கக் கண்டவர்கள் போல் அவர்கள் நிமிரும்போது, குசினிக்குள்ளிருந்து தேநீர்த் தட்டோடு அவருடைய மனைவி பூரணி வருவாள்.

"அங்க இல்லை, முன்னுக்கு வந்து பாருங்கோ. தொண்டைப் பக்கத்தாலதான் வெட்டினவை."

"பின்னுக்கு வருத்தத்துக்கு முன்னுக்கு வெட்டினவையோ?"

"இப்ப அதுதான் முறை," என்பாள் பூரணி, அந்த முறையைக் கண்டுபிடித்ததில் தனக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதுபோல.

முன்னுக்கு வந்து பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்து மடிப்புக்குள் ஒளிந்திருந்த இரண்டு அங்குலக் கோடு. அவசரத்தில் சவரம் செய்கிறவனுக்கு அதைவிட நீளமாக விழும். ஆகவே பூரணி அலுமாரியைத் திறந்து, கூறைச்சேலைக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த எக்ஸ்ரேப் படத்தை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவில் இரண்டு சின்ன வெள்ளைத் தகடுகள். தகடுகளுக்கு நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்தான் பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறது, அது படத்தில் விழாது என்று கொழும்பில் பெரிய டொக்டர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பாள். பழுதான டிஸ்க்கை எடுத்துப் போட்டுவிட்டுச் செயற்கை டிஸ்க் ஒன்று வைத்திருக்கிறது. எலும்புகளைச் சேர்த்துப் பூட்டிவிடும் பழைய முறை இல்லை இது. கழுத்து முன்னைப்போலத் திரும்பும், குனியும், நிமிரும்.

வந்தவர்கள் அதன்பிறகு கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எயாப்போட்டில போனா மெசின் கத்துமோ?"

அருளம்பலம் தன் ஐம்பத்து மூன்று வயதுக்குள் விமான நிலையத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை, மகள் கௌசிகாவை மெல்பேணுக்கு ஏற்றிவிட. அதுவும் கண்ணாடிக் கதவுவரை. இருந்தாலும் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அவருடைய கழுத்துக்காகக் கவலைப்பட்ட அத்தனை பேருக்கும் அந்த மெசினைப் பற்றித்தான் கவலை.

புறப்படும்போது, செருப்பைக் காலில் கொழுவியபடி, "இப்ப நோவு ஒண்டும் இல்லைத்தானே?" என்பார்கள். வாசலில் செருப்போடு நிற்பவர்கள் கேட்கும் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லக்கூடாது என்பது அருளம்பலத்துக்குத் தெரியும்.

"பரவாயில்லை," என்பார்.

நோவு இருந்தது. இடது தோட்பட்டை எலும்புக்கு உட்பக்கம், சுட்ட அகப்பையை யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி, பத்து மாதமாக ஒரே இடத்தில் இருந்தது. சில நாட்களில் அங்கிருந்து பிடரிக்கு ஏறி மண்டை ஓட்டின் அடியில் போய்க் குந்தும். சில நாட்களில் கையால் இறங்கிப் பெருவிரல்வரை போகும். இடது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எந்நேரமும் வேறு யாருடையவோ போல இருந்தன. சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களையும் பூட்ட ஏலாமல் திறந்தே விட்டிருந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு ஆள் ஸ்டைலாகிவிட்டார் என்று ஒழுங்கைக்குள் கதை.

இந்தக் கழுத்து பழுதானது கப்பல்களை அண்ணாந்து பார்த்து. துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவரும் பைலட்டை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் அருளம்பலம். கப்பலின் விலாவோடு லோஞ்சை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நூலேணியில் ஏறுகிற பைலட்டின் இரண்டு காலும் மேல்தளத்தில் பதியும்வரை அண்ணாந்தபடி நிற்கவேண்டும். ஏறுகிறவர் வானத்தில் ஏறுகிறார், பார்க்கிறவரின் கழுத்து தேய்கிறது. கடைசியில் ஒருநாள் கை மரத்துப்போய்ச் சுக்கானை விட்டுவிட, லோஞ்ச் கப்பலில் முட்டியது. பைலட் ஏணியில் இரண்டு நிமிடம் தொங்கினார். அதன்பிறகுதான் கொழும்பு, ஸ்கேன், பெரிய டொக்டர், டிஸ்க்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். இந்தச் சிக்கலைக் கட்டிவைத்தது ஊர் மட்டுமில்லை. ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது கைநோவு உண்மையாகவே இல்லை. பதினாறு நாட்கள் அது வரவே இல்லை. அந்தப் பதினாறு நாட்களும் அருளம்பலம் ஒரு புதுமாப்பிள்ளை போல் நடந்தார். எல்லோருக்கும் தன் வாயாலேயே சொன்னார்: "சுகம். பூரண சுகம். கழுத்தெண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை." பூரணி அதைப் போனில் மெல்பேணுக்கும் லண்டனுக்கும் மட்டக்களப்புக்கும் சொன்னாள். பதினேழாம் நாள் காலை, விழுந்த பற்பசை மூடியை எடுக்கக் குனிந்தார். அகப்பை வந்து உட்கார்ந்தது. பதினெட்டாம் நாள் பூரணி ஒழுங்கை முழுவதும் மோதகம் பகிர்ந்தாள். மோதகத்தை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்?

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. மூன்றாம் மாதம் கிளினிக்குக்குத் தனியாகக் கொழும்புக்குப் போய்ப் பெரிய டொக்டரிடம் சொன்னார். டொக்டர் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தலையைச் சரித்து, கலியாண வீட்டில் பொம்பிளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அழகான படம், மிஸ்டர் அருளம்பலம். உங்கட படத்தைத்தான் நான் லெக்சரில காட்டுறனான்."

"நோகுது டொக்டர்."

"சாமான் அரைக்கால் மில்லிமீற்றர்கூட அசையேல்லை. பாருங்கோ."

அருளம்பலம் பார்த்தார். படத்துக்கு உண்மையாகவே சுகம். படத்தை வைத்திருந்த ஆளுக்கு நரம்புக் குளிசையை இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தார்கள். அது நோவை விட்டுவிட்டுப் பெயர்களைத்தான் மறக்கவைத்தது. மகளிடம் சாடையாகச் சொன்னார். அவள் வீடியோக் கோலில், "அப்பா, போனைக் குனிஞ்சு பாக்கிறதை முதல்ல விடுங்கோ," என்றாள். அவளைக் குனிந்து பார்த்தபடிதான் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூரணியிடம் சொல்லவே இல்லை. ஒப்பரேசனுக்கு முந்திய இரண்டு வருடமும் அவள் நித்திரை கொண்டதில்லை. அவர் புரளும்போதெல்லாம் எழுந்து, சுடுதண்ணீர்ப் பையை நிரப்பி, அவருடைய சட்டையைப் பூட்டி, தலைக்கு வார்த்து, சோற்றைக் குழைத்துக் கொடுத்தவள். மோதக நாளிலிருந்து அவள் நித்திரை கொண்டாள். மெல்லிய குறட்டைகூட வந்தது. அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் புரளாமல் கிடப்பதற்கு அருளம்பலம் பழகிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பது, ஒரு வீட்டுக்குள் மனிதன் போகக்கூடிய மிகத் தூரமான இடம். அங்கே அவர் தினமும் போய்வந்தார்.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம், நேர்த்தி ஒன்று மட்டும் இல்லாவிட்டால்.

கொழும்பில் ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே இருந்தபோது பூரணி சல்லிக் கடற்கரைக் கிராமத்து முத்துமாரி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். மற்றவர்கள் மொட்டை அடிக்கிறோம் என்பார்கள், சேலை சாத்துகிறோம் என்பார்கள். பூரணிக்குச் சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை. "அம்மாளாச்சி, அவற்ற கழுத்தைச் சுகமாக்கித் தா. அந்தக் கழுத்தாலயே உனக்குப் பாற்குடம் எடுப்பிக்கிறன்," என்று நேர்ந்துவிட்டாள். கழுத்து சுகமென்றால் குடம் எடுக்கவேண்டும். குடம் எடுக்காவிட்டால் கழுத்து சுகமில்லை என்றாகும். கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை.

இந்த இடத்தில் பாக்கியரத்தினம் உள்ளே வருகிறார். சும்மா வரவில்லை. பெயருக்கு முன்னால் மூன்று பட்டமும் பின்னால் இரண்டு பட்டமுமாக வருகிறார். அவருடைய கடிதத் தாளில் பெயரை விரல் வைத்துத் தேடவேண்டும். இளைப்பாறிய கூட்டுறவுச் சங்க முகாமையாளர், அகில இலங்கைச் சமாதான நீதவான், துறைமுக வட்டாரப் பாற்குடப் பவனி ஏற்பாட்டுக் குழுவின் தலைவர். சமாதானம் எங்கே எப்போது குலைந்தாலும் முத்திரை குத்துவதற்காக நீதவான் றப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பூரணியின் நேர்த்தியைக் கேள்விப்பட்டுத் தானே வீட்டுக்கு வந்து, துண்டுப்பிரசுரத்தின் மாதிரியை வாசித்துக் காட்டினார்.

"'நவீன விஞ்ஞானமும் அம்பாளின் திருவருளும் கைகோத்த அதிசயம்! செயற்கைக் கழுத்துப் பெற்ற திருவாளர் அருளம்பலம் அவர்கள் பவனிக்குத் தலைமை தாங்கிப் பாற்குடம் ஏந்துவார்.' எப்பிடி?"

"கழுத்து என்ரதான் ஐயா," என்றார் அருளம்பலம். "உள்ளுக்க ஒரு சின்னச் சாமான்தான் செயற்கை."

"சனத்துக்கு விபரம் தேவையில்லை தம்பி. விசயம்தான் தேவை."

பூரணி படத்தைக் கொண்டுவந்தாள். பாக்கியரத்தினம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார். பிறகு, "எயாப்போட்டில..." என்று தொடங்கினார்.

அஸீமிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிற அஸீம், லோஞ்சில் அவருக்குக் கீழ் பதினெட்டு வருடம் இருந்தவன். இப்போது லோஞ்சை ஓட்டுகிறவன் அவன்தான். அருளம்பலத்தை இறங்குதுறை அறைக்குள் ஒரு கதிரையில் இருத்தி, லோஞ்ச் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவுப் புத்தகத்தில் எழுத விட்டிருந்தார்கள். பகல் சாப்பாட்டை இருவரும் துறை ஓரத்தில் இருந்து சாப்பிடுவார்கள். எண்ணெய்ப் படலத்தோடு கடல் கீழே அசையும்.

"நீ இப்ப கப்பல நிமிந்து பாக்கிறதே இல்ல மச்சான்," என்றான் அஸீம், பொதியை அவிழ்த்தபடி. "தண்ணில தெரியிற நிழலப் பாத்துத்தான் எந்தக் கப்பல் எண்டு எழுதுற. நான் ஒரு மாசமாக் கவனிக்கன்."

அருளம்பலம் தன் பொதியின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நோகுதா?"

"ஓம்."

"எவ்வளவு?"

அதை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தார். எவ்வளவு என்று அளக்க ஒரு சாமானும் அகப்படவில்லை. "நிக்கிறதில்லையடா," என்றார். "அவ்வளவுதான். நிக்கிறதில்லை."

அஸீம் மென்றான். "பூரணி மச்சிக்கிட்டச் சொல்லு."

"அவள் நித்திரை கொள்ளுறாள்."

"பத்து மாசமாவா?" என்று சிரித்த அஸீம், எதிரில் சிரிப்பு இல்லாததைக் கண்டு நிறுத்தினான். "அப்ப குடத்த என்ன செய்யப்போற? ஒங்கட ஆக்கள் வெள்ளியில கண், கால், கை எல்லாம் செஞ்சு கோயில்ல போடுவாங்கல்லோ? அப்பிடி ஒரு கழுத்தப் போட்டுட்டு, நேர்த்தி முடிஞ்சிட்டு எண்டு சொல்லன்."

பதினெட்டு வருடத்தில் அஸீம் சொன்ன யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அருளம்பலத்துக்குப் பட்டது. அன்று பின்னேரமே பட்டணத்துக்குள் ஒரு நகைக்கடைக்குப் போனார். கடைக்கு முன்னால், பட்டணமெங்கும் மாடுபோல் திரிகிற மான்களில் ஒன்று குப்பை வாளியைக் கிளறி முடித்து, வீதி நடுவில் நின்று, கழுத்தை முழுவதுமாகப் பின்னுக்கு வளைத்துத் தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. முச்சக்கரவண்டிகள் கோர்ன் அடித்தன. அது அவசரப்படவில்லை. அருளம்பலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு அசிங்கமான பொறாமையை அவர் எந்த மனிதன் மேலும் பட்டதில்லை.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தார். மெல்லிய வெள்ளித் தகட்டில் அழுத்திய உருவங்கள். சோடிக் கண்கள், கால், கை, வயிறு, தொட்டில் பிள்ளை.

"கழுத்து இருக்கோ?"

"கழுத்தோ?" கடைக்காரர் தட்டை ஒருமுறை கிளறினார். "கழுத்து வாறேல்லை அண்ணை. ஒருத்தரும் கேக்கிறதுமில்லை."

"செய்ய ஏலாதோ?"

"கழுத்தை மட்டும் தனியாச் செய்தா என்னெண்டு தெரியும்? குழாய்த் துண்டு மாதிரி இருக்கும். மேல தலையும் கீழ நெஞ்சும் வச்சால்தான் நடுவில கழுத்து. அதுகளை வச்சா அது முழு ஆளாப் போயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறு அங்குல வெள்ளி மனிதன் ஒருவனை எடுத்துக் காட்டினார். கைகளைத் தொங்கவிட்டு நேரே பார்த்தபடி நின்றான். "இதைக் கொண்டுபோங்கோ. எந்த இடமெண்டு அம்மாள் தேடிப் பிடிக்கட்டும்."

வெள்ளி மனிதனைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தார். வாசலில் பூரணி பித்தளைக் குடத்தோடு நின்றாள்.

"நல்ல நேரம் வந்தியள். ஒருக்கா எடுத்துப் பாப்பம். அண்டைக்குத் தடுமாறக் கூடாதெல்லே?"

துவாயைச் சுருட்டி அவளே சும்மாடு செய்திருந்தாள். குடத்தில் தண்ணீர் நிரப்பி, குதிக்காலை உயர்த்தி அவருடைய தலையில் வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் தூக்கிக் குடத்தின் விளிம்பில் பிடிக்க வைத்தாள். பிறகு அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள், நடை பழகும் பிள்ளைக்கு முன்னால் நடப்பதுபோல. குசினி வாசலிலிருந்து கேற்வரை. ஒவ்வொரு காலடிக்கும் தோட்பட்டைக்குள் ஆணி ஒன்று இறங்கியது. கண்ணோரம் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன.

"ஐயோ, வலு சோக்கா எடுக்கிறியள்," என்று பூரணி சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டார். "ஏன் கண் கலங்குது?"

"சந்தோசம்," என்றார் அருளம்பலம்.

தயார் செய்த பேச்சும் வெள்ளி மனிதனும் சட்டைப் பையிலேயே கிடந்தார்கள்.

பவனி நாள் காலை, சல்லிக்கு ஒரு மணித்தியால நடையில் இருந்த சந்திப் பிள்ளையார் வாசலில் அறுபது எழுபது பேர் கூடினார்கள். மஞ்சள் சேலைகள், பறை, நாதஸ்வரம், தெருக்கம்பங்களில் ஒலிபெருக்கிகள். ஏழு பத்துக்கு நல்ல நேரம். சரியாக ஏழு பத்துக்குக் குடங்கள் எல்லாம் தலைக்கு ஏறின. ஏறிய குடத்தை அம்மன் வாசல்வரை நிலத்தில் வைக்கக்கூடாது. அது அங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அதனால் குடம் ஏறியதும் பறை முழங்கும், கால்கள் கிளம்பிவிடும். வருடா வருடம் அப்படித்தான்.

இந்த வருடம் குடங்கள் ஏறிய பிறகு பாக்கியரத்தினம் சின்ன லொறி ஒன்றின் பெட்டியில் ஏறி மைக்கைப் பிடித்தார். பால் குடத்தோடு நிற்கும் சபை எழுந்து போகாது, கைதட்ட மறந்தாலும் கலைந்துவிடாது. ஒரு பேச்சாளனுக்கு அதைவிட உத்தமமான சபை உலகத்தில் கிடைக்காது என்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"ஐந்தே ஐந்து நிமிடங்கள்," என்று தொடங்கி, தான் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த வருடத்துக்குப் போனார். அங்கிருந்து மெல்ல மெல்லச் சங்கம் வளர்ந்தது. பறையடிப்பவர்கள் மதிலோரம் குந்தினார்கள். வெயில் குடங்களில் ஏறியது. முன்வரிசையில், நடுவில், அருளம்பலம் நின்றார். பூரணி வெறுங்கையோடு அவருடைய இடப்பக்கம் நின்று, வழிந்த வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். பிறகு, அதிசயக் கழுத்துக்கு மாலை போடவேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியது. குடத்தை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, நனைந்த ரோசாவில் கட்டிய, கால்மூட்டை இடிக்கும் மாலை ஒன்றை இருவர் சேர்ந்து மாட்டினார்கள். குடம் மறுபடி இறங்கியது.

மாலைக்குப் பிறகு அவருக்குப் பேச்சு கேட்கவில்லை. இடது கைவிரல்கள் குடத்தைப் பிடித்திருக்கின்றனவா, விட்டுவிட்டனவா என்று தெரியவில்லை. பார்க்கத் தலையை நிமிர்த்த முடியாது. நிமிர்த்தினால் குடம் போய்விடும். முன்பொருநாள் கப்பலடியில் கையை நம்பியதும், பைலட் ஏணியில் தொங்கியதும் நினைவுக்கு வந்தன. அன்றைக்குத் தொங்கியது யாரோ. இன்றைக்குத் தொங்குவது பூரணியின் நேர்த்தி. பால் வீதியில் கொட்டினால் அவள் அதை ஒருநாளும் கழுத்தின் பிழை என்று எடுக்கமாட்டாள். தன் விரதத்தில், தன் வாயில், தன் மனதில்தான் பிழை தேடுவாள். சாகும்வரை தேடுவாள்.

அந்த நேரம் பார்த்து மைக் அவருடைய வாய்க்கு நேரே வந்தது.

"அருளம்பலம் அவர்களே! உங்கள் திருவாயாலேயே இந்த மக்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கழுத்து இப்போது எப்படி இருக்கிறது?"

'பரவாயில்லை' நாக்கின் நுனியில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். அன்றைக்கு மட்டும் அது இருந்த இடத்தில் இல்லை.

"நோகுது," என்றார்.

கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிகள் அதை வாங்கி, சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கம்வரை கொண்டுபோயின. நோகுது. நோகுது. ஒரு காகம் கிளம்பிப் பறந்தது.

பாக்கியரத்தினம் ஒரு நொடிதான் தடுமாறினார். "கேட்டீர்களா!" என்று முழங்கினார். "உலக வாழ்க்கையின் நோவையெல்லாம் அம்பாளின் பாதத்தில் இறக்கிவைக்கும் ஒரு பக்தனின் உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை!"

"அரோகரா!" என்றது சனம், விடுதலையோடு.

"ஐயா, கழுத்துதான் நோகுது," என்றார் அருளம்பலம். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கழுத்து நோகுது. ஒருநாளும் நிண்டதில்லை. கையும் விறைக்குது, குடத்தைப் பிடிச்சிருக்கிறனோ தெரியேல்லை."

தலைவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். "தம்பி, இதுகளைப் பிறகு கதைப்பம். நிகழ்ச்சிநிரலில இல்லை."

அருளம்பலத்துக்கு இடப்பக்கம் திரும்ப முடியவில்லை. அங்கே நிற்கிறவளின் முகம் எப்படி ஆகியிருக்கிறது என்று தெரியவில்லை. ஒற்றிக்கொண்டிருந்த முந்தானை நின்றிருந்தது மட்டும் தெரிந்தது. பிறகு இரண்டு கைகள் மேலே வந்தன.

"விடுங்கோ."

"நீர் நேர்ந்தது என்ர தலைக்கு."

"நேர்ந்தது என்ர வாய்தானே. விடுங்கோ எண்டுறன்."

குடம் எழுந்தது. தலை தானாகவே இரண்டு அங்குலம் மேலே வந்ததுபோல் இருந்தது. நோவும் கூடவே வந்தது. பூரணி சும்மாடு இல்லாமலே குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, தலைவரின் பேச்சு முடியாமலே, பறைக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கினாள். அவள் நடந்ததும் பின்னால் நின்றவர்களும் நடந்தார்கள். குந்தியிருந்தவர்கள் பதறியடித்துப் பறையைத் தூக்கினார்கள். "கணவனின் பாரத்தைத் தன் தலையில் ஏந்தும் கற்பின் செல்வி!" என்று ஒலிபெருக்கி புதிய பேச்சு ஒன்றைக் கண்டுபிடித்துத் தொடர்ந்தது.

அருளம்பலம் மாலையைக் கழற்றிப் பிள்ளையார் வேலியில் போட்டுவிட்டுப் பின்னால் நடந்தார். வழிநெடுக அவளுடைய முதுகுதான் தெரிந்தது. ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாற்குடம் எடுப்பவர் திரும்புவதில்லை, அது சரிதான் என்று சொல்லிக்கொண்டார். வேறு காரணம் இருக்கலாம் என்பதை யோசிக்க விரும்பவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பெரியவர், "சாமான் வெளிநாட்டுதானே, திருப்பிக் குடுக்க ஏலாதோ?" என்று அக்கறையாக விசாரித்தார். சல்லியில், கருவாடு காயும் மணலைத் தாண்டி, கோயில் உண்டியலில் வெள்ளி மனிதனைப் போட்டார். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் பூரணி குளித்துவிட்டு, சோறு போட்டு வைத்துவிட்டு, ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். பகல் இரண்டு மணி இருக்கும்.

"எப்ப தொடக்கம்?"

"பதினேழாம் நாள் தொடக்கம்."

"மோதகம் குடுத்தது?"

"பதினெட்டு."

அவள் தலையாட்டினாள். கணக்குச் சரிபார்த்தவள் போல. "அப்ப நான் பக்கத்தில படுத்திருக்க நீங்கள் தனியக் கிடந்தனீங்கள்," என்றாள்.

"நீர் நித்திரை கொண்டீர்."

"ஆர் கேட்டது அந்த நித்திரையை?" அவளுடைய குரல் உடைந்தது. "பத்து மாசம். ஊருக்கெல்லாம் படம் காட்டினன். விசரி மாதிரி. அஸீம் அண்ணைக்குத் தெரியுமோ?"

பொய் சொல்ல நினைத்தார். "ஓம்," என்றார்.

அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நொந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து குசினிக்குள் போனாள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக, தேவைக்கு மேல் சத்தமாக, கழுவப்பட்டன. அருளம்பலம் சோற்றைப் பார்த்தபடி இருந்தார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று எவரோ சொல்லித்தான் அவரும் நம்பியிருந்தார். இறங்கியதாகத் தெரியவில்லை. அகப்பை அதே இடத்தில் இருந்தது. முன்பு அதற்குப் பக்கத்தில் ஒரு குறட்டையாவது இருந்தது.

பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவள் வந்து, அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றாள். பத்து மாதமாக எல்லோரும் குனிந்து பார்த்த இடம்.

"எந்த இடம்? காட்டுங்கோ."

வலக்கையை வளைத்துத் தொடப் பார்த்தார். எட்டவில்லை.

"கையை எடுங்கோ, நான் பாக்கிறன்." ஒரு விரலை வைத்து அழுத்தினாள். "இஞ்சையா?"

"இல்லை."

"இஞ்சை?"

"இல்லை. கொஞ்சம் கீழ."

"இதிலயா?"

"அதுக்கும் உள்ளுக்க."

"உள்ளுக்க நான் எப்பிடியப்பா வாறது?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் விரலை எடுக்கவில்லை.

துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அருளம்பலத்தின் தலை தன்பாட்டில் நிமிர்ந்தது. பாதியில் நின்றது. அவளுடைய விரலுக்கடியில் தசை ஒருமுறை துள்ளி இறுகியது.

பூரணியின் கை அப்படியே நின்றுவிட்டது. கப்பல் இரண்டாம் தடவையும் ஊதியது.

"இதுதானே?"

அது இல்லை. அவர் யோசித்தார். இனிமேல் இவளுக்கு 'பரவாயில்லை' சொல்வதில்லை என்று கோயில் வாசலில் முடிவெடுத்திருந்தார்.

"கிட்ட," என்றார். "இன்னும் தேடும்."